பெருவிரல் எட்டும் தூரம்

மகாராஜநகர் மாடியறையில்
மேஜைக்கால் ஆடாமலிருக்க அட்டை மடித்துச் சொருகிவிட்டு
அந்தத் திரையை வரைந்தேன்.
ஊர்களெல்லாம் அகரவரிசையில்:
அம்பாசமுத்திரம் தலையில்
வீரவநல்லூர் காலடியில்.
பச்சைப் பொத்தான் வலது மூலையில்;
என் வலது பெருவிரல் அதன்மேல்
சோம்பல் பூனையாய்ப் படுத்துக்கொண்டது.
அலுவலகத்தில் எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள்,
நாற்காலியில் உட்கார்ந்தபடி.

பாபநாசம் வண்டியில் கண்டக்டர் முப்பிடாதி.
கருவியை இடது கையில் வாங்கினாள்.
இடுப்பை இருக்கை விளிம்பில் முட்டுக்கொடுத்து
ஐந்நூறு ரூபாய்த் தாளை வெளிச்சத்தில் பிடித்து
பெரிய சாக்குக்காரரிடம் லக்கேஜ் கேட்டு
இத்தனைக்கும் நடுவே
இடது பெருவிரலால் என் திரையைத் துழாவினாள்.
வலது கையில் பிடியுங்களேன் என்றேன்.
"சோத்தாங்கையில இதப் பிடிச்சா
டிக்கெட்ட எதால நீட்ட?
பீச்சாங்கையால குடுத்தா வாங்குவாவளாண்ணே?"

மூன்று மாத வேலை
மேலப்பாளையம் தாண்டுமுன்
இடம்வலம் மாறிப்போயிற்று.

பின் இருக்கையில் உட்கார்ந்து
அவள் விரலை மட்டும் நோட்டில் வரைந்துகொண்டு வந்தேன்.
அது சுலபமாய்ப் போய்வருகிற இடம்
பாதி விரித்த விசிறி அளவு.
அதற்கு மேலே வலது மூலை
பொதிகை உச்சிக்குச் சமம்.
அங்கேதான் வைத்திருந்தேன் அரை டிக்கெட்டை.

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும்
பத்தமடைக்கு நீண்ட விரல்
பாபநாசத்தில் விழுந்தது.
அடுத்தடுத்த கட்டங்கள்; நான்தான் நெருக்கி வைத்தேன்,
பார்க்க அழகாயிருந்தது.
பாய் வாங்கப் போகிறவர்
மலைக்கு எதுக்கும்மா எனக்குச் சீட்டு என்று சண்டை பிடித்தார்.

திரை வேறு நடுவில் புகுந்து
'நிச்சயமா?' என்றது.
"இந்தச் சவம் ஆளுக்கு ரெண்டு மட்டம் கேக்குதே,
பொண்ணு பாக்க வந்திருக்கா?
கேக்க வேண்டாம்.
தப்பாப் போட்டா அழிக்க வழி விடுங்க, போதும்."

திரும்பத் திரும்ப மாற்றினேன்.
அகரவரிசையைத் தூக்கி எறிந்துவிட்டுச்
சாலையின் வரிசைக்கு வந்தேன்.
பத்தமடை தாண்டினால் பத்தமடை
திரையைவிட்டு இறங்கிக்கொள்ளும்,
சேரன்மகாதேவி விரலடிக்கு நகர்ந்துவரும்.
கட்டங்கள் தடித்தன, எண்ணிக்கையில் குறைந்தன.
திரும்பும் நடையில் எல்லாம் தலைகீழ்.
கேள்வி போயிற்று;
மூன்று விநாடி இருக்கும்
'அழி' என்ற ஒற்றைச் சொல் வந்தது.

பதினோராவது முறை, ஐப்பசி.
வீரவநல்லூரில் பள்ளிக்கூடக் கூட்டம் ஏறியது.
பேசிக்கொண்டே, அதட்டிக்கொண்டே
ஒரு பிள்ளையின் டிபன் பாக்ஸைப் பிடித்துக்கொண்டே
சீட்டுக் கிழித்தாள்.
நான் வரைந்த திரையை
அவள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.
இவ்வளவு சந்தோஷமாக
என்னை யாரும் அலட்சியம் செய்ததில்லை.

கல்லிடைக்குறிச்சி தாண்டிப் பாலத்தில் ஏறும்போது
மழை.
ஜன்னல் ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டது.
சாய்ந்து வந்த சாரலில்
ஒரு கனத்த துளி கண்ணாடியில் உட்கார்ந்தது.
கருவி உறுமி
விக்கிரமசிங்கபுரத்துக்கு ஒரு முழு டிக்கெட்
துப்பியது.

அவள் அதைக் கிழித்து வாசித்து
"யாருல இது?" என்று கூட்டத்தைப் பார்த்தாள்.
மூன்று விநாடி அதற்குள் முடிந்திருந்தது.
நான் பணம் எடுத்தேன். தள்ளிவிட்டாள்.
தன் பர்ஸிலிருந்து பையில் சில்லறை போட்டாள்.
"டவுன் பஸ்ஸா இருந்தா
மழையப் பொம்பளக் கணக்குல எழுதிருப்பேன்."

நோட்டில் எழுத ஆரம்பித்தேன்:
துளிக்கும் விரலுக்கும் என்ன வித்தியாசம்?
எடையா, அகலமா,
தொட்டுவிட்டு எடுக்கிற நேரமா...
மை கலைந்துவிட்டது.

விக்கிரமசிங்கபுரம் வரை
ஜன்னலோரம் ஓர் இருக்கையில்
யாரும் உட்காரவில்லை.
நனைந்தபடியே வந்தது அது,
டிக்கெட் எடுத்த உரிமையில்.