ஆணி எண் பதினேழு

அதிகாலை மூன்று மணிக்குக் கில்லமார்ட் சாலையில்
என்னையும் மொஃபிஸுலையும் தவிர
அசைபவை இரண்டு:
ஒரு பூனை, நிலம்.
பூனை சாலையைக் கடக்கிறது.
நிலம் கீழே போகிறது.

தாரில் அடித்த பித்தளை ஆணிகள் நாற்பத்திரண்டு.
முக்காலி ஊன்றி, குமிழை வட்டத்தின் நடுவில் நிறுத்தி
கண்ணை வைக்கிறேன்.
எதிரே அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்தபடி
கொட்டாவியை விழுங்குகிறான் மொஃபிஸுல்.
அவன் வாய் திறந்தால் கோல் ஆடும்.
பதினாறு வரை நேற்றைய எண்களே.
பதினேழு, ஆறு மில்லிமீட்டர் கீழே.

இம்மியும் பிசகாது என்று
சும்மா சொல்லிவிடுகிறோம் தமிழில்.
இம்மி பிசகுவதைப் பார்க்கத்தான்
எனக்குச் சம்பளம்.

பள்ளம் ஒரே இரவில் விழுவதில்லை.
விழுவது அதன் கடைசி வேலை.
என்றோ புதைத்த கழிவுநீர்க் குழாயில்
ஒரு மூட்டு, விரல் நுழையும் அளவு விலகும்.
மழை பெய்யும்; டிசம்பரில் வேறென்ன பெய்யும்.
குழாய்க்குள் ஒழுகும் நீர்
மணலையும் கூட்டிப்போகும்
ஒரு பிடி
பிறகு ஒரு பிடி.
மேல் மண் அந்த இடத்தில் வந்து உட்கார,
வெற்றிடம் மட்டும் மேலே ஏறும்
குளத்தடியிலிருந்து கிளம்பிய குமிழி மாதிரி.
வந்து தாருக்கு அடியில் நிற்கும்.
தார் மெல்லிய ஓடுதான், ஆனால் ரோஷக்காரி.
காரைத் தாங்குவாள். டாக்ஸியைத் தாங்குவாள்.
ஒன்றுமில்லாததன் மேல் நின்றுகொண்டு
ஒருநாள் லாரியையும் தாங்கிவிடுவாள்.

ஆணிக்கு நேர் எதிர் வீட்டுத் திருமதி இங்
மூன்று முறை புகார் சொல்லியிருந்தார்:
கேட் பூட்டவில்லை.
வந்தவர்கள் கீலுக்கு எண்ணெய் விட்டுப் போனார்கள்.
என் மட்டக்கருவி பல ஆயிரம் வெள்ளி.
அவர் கேட்டின் துருப்பிடித்த கொண்டி
ஒன்பது நாள் முன்னதாகவே படித்துவிட்டது.

பத்து மில்லிமீட்டருக்குத்தான் எச்சரிக்கை.
ஆறுக்கு, குறித்துக்கொள் என்கிறது விதி.
குறித்துக்கொண்டேன்.
பிறகு சுஹைமியை எழுப்பினேன்.
"நிச்சயமா?" என்றார் தூக்கக் குரலில்.
"இல்லை" என்றேன்.
முதல் பேருந்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம்.
ஆரஞ்சுக் கூம்புகளை வரிசையாக வைத்தோம்.

நாலரைக்குத் துளைக்கருவி வந்தது.
தார், ஜல்லி, ஜல்லி,
சட்டென்று கைக்கு எதிர்ப்பே இல்லை.
கம்பி தானாக இறங்கியது, ஒரு ஆள் உயரம்.
இயந்திரத்தை நிறுத்தினார்கள்.
யாரும் எதுவும் பேசவில்லை.
துளைக்குள் டார்ச் அடித்தால்
எங்கோ ஆழத்தில் தண்ணீர் நடக்கும் சத்தம்.

முதலில் குழாயின் வாயை அடைக்கவேண்டும்.
அதை விட்டுவிட்டுப் பள்ளத்தை நிரப்பினால்
பள்ளம் அடுத்த தெருவுக்குக் குடிபோகும்.
பிறகுதான் கான்கிரீட், இரண்டு லாரி, கூழ்போல.
இரண்டு தெரு தள்ளிச் சுரங்கம் தோண்டுகிறவர்கள்
இறைத்த நீரைக் கிணறு வழியே திருப்பி ஊற்றுகிறார்கள்.
இங்கே கீழே கடல்களிமண்;
தாகம் எடுத்தால் சுருங்கிவிடும்.
வெளியேறும் மண்ணையும் எடை போடுகிறார்கள்.
கணக்குக்கு மேல் ஒரு டன் வந்தாலும்
யாரோ ஒருவரின் தரை அது.

ஏழு மணிக்கு, சுற்றிப்போன பேருந்திலிருந்து இறங்கியவர்
கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிக் கேட்டார்:
"ஒன்றும் விழவில்லையே, எதற்கு மூடினீர்கள்?"
நல்ல கேள்விதான்.
விழாத பள்ளத்துக்குப் புகைப்படம் கிடையாது.

திருமதி இங் கேட்டை இழுத்துப் பார்த்தார்.
இப்போதும் பூட்டவில்லை.
இறங்கிய நிலம் ஏறி வராது, ஆன்ட்டி;
கொண்டியைத்தான் தாழ்த்தி வைக்கவேண்டும்.
சரி என்றார். சிரிக்கவில்லை.

பழைய பதினேழு துளையோடு போயிற்று.
கான்கிரீட் இறுகிய பின் புதிதாய் ஒன்று அடித்தேன்.
முதல் அளவு: பூஜ்யம்.
எழுதி முடித்துத் தலையாட்டினேன்.
அப்போதுதான் மொஃபிஸுல்
கோலைச் சாய்த்துவிட்டு
இரவு முழுக்க வைத்திருந்த கொட்டாவியை விட்டான்.