ஒட்டுக் கேட்பவள்

இரவு இரண்டு மணி, ஜெலுத்தோங் சாலை.
லோரிகள் ஓய்ந்தபின்
இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தார்மேல் ஊன்றி
மறுமுனையில் காதை வைக்கிறேன்.
பதினோரு வருடமாக இதுதான் என் சம்பளம்.
உடைந்த குழாய் ஊருக்கே கேட்கும்.
கசியும் குழாய்
எனக்கு மட்டும் சொல்லும்: ஸ்ஸ்ஸ்.
ஆ கியோங் வெள்ளைச் சாயத்தில் பெருக்கல் குறி போடுவான்.
தோண்டுகிறவர்கள் காலையில் வருவார்கள்.

தம்பி குணசீலன்
பாயான் லெப்பாஸில் சில்லு சோதிக்கும் மேசையில்
சரிந்தான். இடக்கை மட்டும்
வேறு யாருடையதோ போல் ஆடியதாம்.
சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார்கள் உள்ளங்கையில்,
இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்குமென்று.

பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தில்
இரும்பு ஏற்கெனவே உள்ளே இருந்தது.

கறுப்புப் புள்ளிகள். இருபத்து மூன்று வரை
எண்ணினார் டாக்டர் ஜுரைடா.
அதற்குமேல் குருணை, எண்ணவில்லை.
கசிந்த ரத்தம் போய்த் துரு மட்டும் தங்கிய இடங்கள்.
பெரியது முசுக்கட்டைப் பழம் மாதிரி என்று
பாடப்புத்தகத்தில் இருக்கிறதாம்.
எங்கள் வீட்டில் யாரும் முசுக்கட்டை தின்றதில்லை.
லங்சாட் கொத்து என்று வைத்துக்கொண்டோம்.

எது உடைந்தது என்று கேட்டேன்.
எதுவும் உடையவில்லை என்றார்.
நாளத்தின் உட்சுவரில் செல்கள்
தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும்.
ஒட்டிநில் என்று சொல்ல ஒரு புரதம்.
அதை எழுதிவைத்த மரபணு ஏழாம் குரோமோசோமில்,
இரண்டு பிரதியாக.
அப்பா கொடுத்த பிரதியில்
ஓர் எழுத்து விழுந்து
வாக்கியம் பாதியில் நிற்கிறது.
அம்மா கொடுத்தது இருக்கும்வரை சமாளிக்கலாம்.
எங்கோ ஒரு செல்லில்
அதுவும் கெடுகிற நாளில்
ஒட்டு விடும், நாளம் குகையாக உப்பும்.
தசையில்லாத சுவர், ஒரு செல் தடிமன்.
ரத்தம் அங்கே ஓடுவதில்லை,
மழை நின்ற சுங்கை பினாங்கைப்போல்
கறுத்துத் தேங்குகிறது.

அப்பா பட்டர்வொர்த்துக்கு மீன் லோரி ஓட்டியவர்.
தலைவலி வந்தால் துண்டை நெற்றியில் இறுக்கி
ஃபெரியின் மேல்தட்டில் காற்று வாங்குவார்.
அந்தத் தலையை யாரும் படம் எடுக்கவில்லை.
பாலத்துத் தடுப்பில் லோரி மோதியபோது
தூங்கிவிட்டார் என்று எழுதி மூடினார்கள்.
பதினேழு வருடம் நானும் அதையே நம்பினேன்.
கோபமாக வேறு இருந்தேன்.

பாதிக்குப் பாதி என்றார்கள் என்னிடம்.
காசு சுண்டுவதுபோல் என்று தொடங்கிய டாக்டர்
பாதியில் நிறுத்திக்கொண்டார்.
எனக்கும் இருக்கிறது.
நான்கு புள்ளி, பின்மண்டையில், இடப்பக்கம்.
வாழ்நாள் முழுக்க வாய் திறக்காமலே இருந்துவிடலாம்.
வருடத்துக்கொரு படம், அவ்வளவுதான்.
தோண்டுகிற இடமில்லை அது.

துஷாலினிக்கு எட்டு வயது.
பார்த்துவிடலாம் என்கிறார் அவள் அப்பா.
பொறு என்கிறேன் நான்.
எங்களுக்குள் வேறு சண்டையே இல்லாததுபோல்
மாதக்கணக்கில் இதே சண்டை.

விடிகாலை வீடு திரும்பினால்
கம்பியை வாங்கிக்கொள்வாள், அது பழைய விளையாட்டு.
தன் வயிற்றில் வைத்து
"நேத்து தின்ன மீ கோரேங் பேசுதா?" என்பாள்.
இன்று என் தலையில் ஊன்றிக் காது கொடுத்தாள்,
நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு,
நான் சாலையில் கடிப்பதைப்போலவே.

குகைக்குள் கசிவுக்குச் சத்தமில்லை.
எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கழிவறையில்
உள்ளங்கையால் காதைப் பொத்தி
கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

"இருக்கும்மா, லீக் இருக்கு" என்றாள்.
குட்டிக்கூரா பவுடரைத் தொட்டு
என் நெற்றி நடுவில்
பெருக்கல் குறி போட்டாள்.

தப்பான இடம்.

சொல்லவில்லை.
பள்ளி பஸ் ஏறும்வரை
முகம் கழுவாமல் நின்றேன்.