இரண்டும் இடது

பாஸ்போர்ட்டில் உள்ளபடி
தனேஸ்வரி ஏ/பி முனியாண்டி.
சேர்க்கை அலுவலகத்துக்காரர் சாய்கோட்டை விட்டுவிட்டு
ஏ.பி. தனேஸ்வரி என்று அட்டை போட்டுக் கொடுத்தார்.
இனிஷியல் இல்லை சார்,
மலாயில் மகள் என்று அர்த்தம் என்றேன்.
"அப்ப எம் போட்டுரலாமா?"
எனக்குப் பின்னால் வரிசையில் நாற்பது பேர்.
ஏ.பி.யே இருக்கட்டும் என்றேன்.
மகள் என்பது மட்டும் இனிஷியலாக
இனி ஐந்தரை வருடம்.

சேலத்தில் ஏழு மணி என்றால்
கூலிமில் ஒன்பதரை.
அம்மா முதல் தேநீருக்கு ஆலையை விட்டு வெளியே வந்து
பசியாறிட்டியா என்று கேட்பாள்.
அதையே நான் அறைத்தோழி இளவேனிலிடம் கேட்டேன்.
ஆத்தூர்க்காரி.
"பசி எங்க ஆறுச்சு,
மெஸ்ஸுல இட்லிதான் ஆறிப்போச்சு."

ஹேமப்ரியா அக்காவிடம்
எலும்பு வாங்கினேன். பாதி ஆள், எட்டாயிரம்.
ரிங்கிட்டில் கணக்குப் போடத் தொடங்கி
நடுவில் நிறுத்திக்கொண்டேன்.
தாம்பூலப் பையில் போட்டுக் கொடுத்தாள்.
லோகநாதன் – சிவசங்கரி திருமண விழா,
தங்கள் வரவு நல்வரவாகுக.
பைக்குள்
தசை தொடங்கும் இடம் சிவப்பு மையில்,
முடியும் இடம் நீலத்தில்,
நாலைந்து பேரின் கையெழுத்து.
"எல்லாம் ஒரே ஆளோடது,
பிரிக்காம வெச்சுக்க."

அறுவைக் கூடத்தில்
கண் எரிந்தது. அழுகை இல்லை, ஃபார்மலின்
என்று எல்லோரும் எல்லோரிடமும் சொன்னோம்.
கையுறைப் பெட்டியின் பக்கவாட்டில்
பொடி எழுத்தில் மேட் இன் மலேசியா.
அம்மாவின் ஆலையா என்று திருப்பிப் பார்த்தேன்.
இல்லை, வேறு கம்பெனி.
நூறு நூறாய் எண்ணி அடுக்குவது அவள் வேலை.
இந்தக் கையுறைக்கு வலது இடது கிடையாது,
எந்தக் கைக்கும் ஏறும்
என்று சின்ன வயதில் வீட்டுக்குக் கொண்டுவந்து
ஊதிக் காட்டியிருக்கிறாள்.
மேஜைமேல் படுத்திருந்தவரின் கையை
ஐந்து பேர் பிடித்தோம்.
நான் சுண்டுவிரலை.

வியாழக்கிழமை புறநோயாளிப் பிரிவு,
சும்மா பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்கள்.
தலையில் துண்டு சுற்றிய ஓர் அம்மா
என் வெள்ளைக் கோட்டைப் பிடித்து நிறுத்தி
"மேலுக்கு முடியலைங்கம்மா" என்றார்.
நான் தமிழ்ப் பள்ளியில் படித்தவள்,
தமிழில் ஏ வாங்கியவள்.
மேலே போக முடியவில்லை என்று புரிந்துகொண்டு
லிஃப்டைக் காட்டினேன்.
கும்பிட்டுவிட்டுப் போனார்.

மேல் என்றால் உடம்பு என்று
இளவேனில் சிரித்து முடித்துச் சொன்னபோது
படியேறி ஓடினேன்.
மூன்றாம் மாடி, கண் பிரிவு வாசல்.
பெஞ்சில் காய்ச்சலோடு உட்கார்ந்து
தன் முறைக்குக் காத்திருந்தார்.
என்னைப் பார்த்ததும்
"வந்துட்டீங்களா" என்றார்.

வெள்ளி இரவு விடுதி மொட்டைமாடி.
ஏற்காட்டுச் சாலை தெரியவில்லை, மலையும் தெரியவில்லை.
ஏறும் வண்டிகளின் வெளிச்சம் மட்டும்
இப்படி வளைந்து அப்படி வளைந்து
காரை எலும்பைப் போல.
மடியில் அந்த எலும்பு இரண்டும்.
தடித்த முனை நெஞ்சுப் பக்கம்,
தட்டை முனை தோள் பக்கம்,
பள்ளம் கீழே,
வளைவு முன்னால்.
ஒன்றை வைத்துப் பார்த்தேன்: இடது.
மற்றதை வைத்தேன்.
திருப்பினேன், கவிழ்த்தேன்,
செல்போன் வெளிச்சத்தில் புத்தகத்தைப் பார்த்தேன்.
அதுவும் இடது.

தூங்கப்போன அக்காவை எழுப்பினேன்.
கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.
"அட, ஆமா.
நாலு பேட்ச் இதுலதான் படிச்சோம்,
எல்லாரும் பாஸு."
ஐநூறு ரூபாய் திருப்பித் தரட்டுமா என்றாள்.
வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.
ஏன் என்று தெரியவில்லை.
இரண்டு பேர்.
ஒருவரையொருவர் தெரிந்திருக்காது.
ஒருவருடையது மற்றதைவிடக் கொஞ்சம் மெலிது.
திரும்பவும் தாம்பூலப் பையில் வைத்தேன்,
நடுவில் ஒரு கைக்குட்டை மடித்து.

சனிக்கிழமை அம்மா.
பசியாறிட்டியா, உடம்பு எப்படி இருக்கு?
"மேலுக்கு ஒண்ணுமில்லம்மா."
"மேலயா? மேல என்ன இருக்கு?"
படுத்தபடி அண்ணாந்து பார்த்தேன்.
ஃபேன், என்றேன்.
நல்லாத்தான் சுத்துது.