அந்த அஞ்சு

டிஸ்பென்சரி ஐயா என் முழங்கையை அமுக்கிப் பார்த்து
"இதுக்குப் பேரு டென்னிஸ் எல்போ" என்றார்.
தொரை பங்களா வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகூட
நான் அந்த விளையாட்டைப் பார்த்ததில்லை.
மட்டை தொடாத கைக்கு
எவளோ தொட்ட மட்டையின் நோவு.
கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டு அனுப்பினார்.

எவளோ என்றேனே, அவள் வந்தாள்.
மாசி மாதம், உறைபனி கொழுந்தைக் கருக்கிய கிழமை.
பொகவந்தலாவை ரோட்டில் மூன்று வேன்.
முன்னதில் யூனியன் தலைவர்,
நடுவில் அவள்: தாய்சியா மொரோஸ்கினா.
"பேருலயே தாய் இருக்கு" என்றார் தலைவர் மைக்கில்.
கைதட்டினோம்,
மழைக்கு முன் முடியவேண்டுமே.

ரஷ்யாவில் டாக்டருக்குப் படித்துப் பாதியில் திரும்பிய
ஹட்டன் பையன் டிலக்சன்.
அவன் வாய் வழியே வந்தது அவள் கதை:
ஆறு உறைந்து ரோடாகிற ஊர்.
அப்பா டிராம் ஓட்டி.
கொதிகலன் கட்டடத்தின் சூடான சுவரில்
ஏழு வயதில் பந்தடிக்கத் தொடங்கினாளாம்,
சுவர் ஒருநாளும் தோற்கவில்லையாம்.
பத்தொன்பதில் முதல் வெள்ளித்தட்டு.
இருபத்துமூன்றில் உலகத்தில் அவளுக்கு மேல் ஒருத்திதான்,
அடுத்த வருஷம் அந்த ஒருத்தியும் இல்லை.
பிறகு முழங்கை.
மூன்று முறை அறுத்துத் தைத்த இடத்தைக் காட்ட
சட்டைக்கையைச் சுருட்டினாள்.
கவ்வாத்து வெட்டிய செடியின் கணு.

ஜெயித்த காசில், தோற்ற காசிலும்
(தோற்றாலும் காசு உண்டாம் அந்த வேலையில்!)
நாலு நாட்டில் கைநோவு வைத்தியம்,
பருத்தி பொறுக்குகிறவர்களுக்கு, மீன் வெட்டுகிறவர்களுக்கு,
இங்கே எங்களுக்கு.
மேல்கணக்குப் பழைய மடுவத்தில் ஒரு காம்பரா,
கட்டில், ரப்பர் பட்டிகள்,
செவ்வாயும் வெள்ளியும் ஒரு நர்ஸ்பிள்ளை,
ஆளுக்கொரு மஞ்சள் பந்து, அமுக்கிப் பழக.

பிள்ளைகளைக் கூட்டிவைத்து ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தாள்.
முதல் அடிக்குப் பதினைந்து. அடுத்து முப்பது.
அப்புறம் நாற்பது.
நான் பின்னால் நின்று கேட்டேன்:
"நாப்பத்தஞ்சுதானே வரணும்?
அந்த அஞ்ச எவன் கழிச்சான்?"

பெண்டுகள் சிரித்தார்கள். கங்காணி முறைத்தார்.
டிலக்சன் தயங்கித் தயங்கிச் சொன்னான்.
அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.
பிறகு சிரிப்பு நின்றது.
இருபது வருஷம் ஆடியும் இதைக் கேட்கவில்லையே,
உனக்கு எப்படித் தோன்றியது என்றாள்.

மூன்று மணி நிறுவைக்குக் கூட்டிப்போனேன்.
தராசு இருபத்திரண்டு காட்டியது.
சாக்குக்கு ஒன்று. முற்றல் இலைக்கு ஒன்று.
ஈரத்துக்கு வழக்கமாய் மூன்று,
விருந்தாளி நின்றதால் இரண்டு.
பதினெட்டு என்று எழுதினார்கள்.

தராசைப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்தாள்.
ஒன்றும் பேசவில்லை. என்ன பேசுவாள்?
அவள் ஆட்டத்திலும்
உயரமான நாற்காலியில் ஒருவன் உட்கார்ந்துதான் எண்ணுவானாம்.
ஒருமுறை அவன் எதிரில் மட்டையை உடைத்து
அபராதம் கட்டியிருக்கிறாளாம்.
அதை மட்டும் டிலக்சன் என் காதோடு சொன்னான்.

வேன்கள் போயின.
காம்பரா இருக்கிறது. நர்ஸ்பிள்ளை
இப்போது செவ்வாய் மட்டும்.
அங்கே போனால் அன்றைக்கு அரைப்பேர்தான்.
முழுப்பேர் கேட்டு ஒரு காகிதம் எழுதியிருக்கிறோம்,
முப்பத்தொரு பேர்.
கைநோவுக்காரிகளின் கையெழுத்து,
கோணலாய்த்தான் இருக்கும்.

ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து
மஞ்சள் பந்தை அமுக்குகிறேன்.
மகன் கிரிக்கெட்டுக்குக் கேட்கிறான், கொடுக்கவில்லை.
பதினைந்து தரம்.
முப்பது.
நோவு தோள் வரைக்கும் ஏறுகிறது.
நாற்பது. விடவில்லை.
நாற்பத்தைந்து.