கூட்டற்குறி

ஜெசிந்தன் பென்டிரைவில் போட்டுத் தந்தது மூன்று புத்தகம்.
"மூண்டையும் படிக்காதை, ஒண்டைப் பிடி" என்றான்.
ஒன்றைப் பிடிக்க
ஒரு மாரி முழுக்கப் போய்விட்டது.

வவுனியா ஆஸ்பத்திரி, சிறுநீரகக் கிளினிக்.
ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தண்ணீர்த் தாங்கி,
இந்தப் பக்கம் என் மேசையில் ஆறு வருசப் பதிவேடு:
பெயர், ஊர், முதல் வந்த நாள்,
கடைசியாய் வந்த நாள்.
எத்தனை நாள் தாங்குகிறார்கள் என்று கேட்டார் பெரிய டொக்டர்.
சராசரி எடுத்துக் கொடுத்தேன்.
தாளைத் திருப்பி நீட்டினார்:
"இன்னும் சாகாத ஆக்களை எங்கை போட்டனீர்?"
நான் அவர்களை எங்கேயும் போட்டிருக்கவில்லை.

முதற் புத்தகம்
தேற்றத்தில் தொடங்கித் தேற்றத்தில் முடிகிறது.
முப்பதாம் பக்கத்தில் ஒரு சொல்,
அதை விளங்க வேறொரு புத்தகம்,
அதை விளங்க இன்னொன்று.
கனகராயன்குளத்தில் பஸ்ஸைத் தவறவிட்டு
மாங்குளத்துக்கு நடப்பதுபோல.
எழுதியவரில் பிழையில்லை.
அவருக்கு என் மேசையைத் தெரியாது.

இரண்டாவது நல்ல பிள்ளை.
கட்டளையை அடித்தால் படம் வரும்.
படிக்கட்டாய் இறங்கும் கோடு,
சாவு விழும் நாளில் ஒரு படி.
நெடுங்கேணி முத்துவிநாயகம்
212ஆம் நாளுக்குப் பிறகு வரவில்லை,
போனும் வேலை செய்யவில்லை.
அவருக்கு என்ன போடுவது என்று தேடினால்
ஒரேயொரு வசனம்: முழுமையற்ற வரிகளை நீக்கிவிடுக.
நீக்கினேன்.
நூற்றெண்பத்துமூன்று பேர்
நூற்றிருபத்தொருவர் ஆனார்கள்.
ஒரு விசை, அவ்வளவுதான்.
பயந்துபோய் கொன்ட்ரோல் இசட் அடித்தேன்.

மூன்றாவது பழைய ஸ்கான்,
ஓரமெல்லாம் எவரோ ஒருவரின் பென்சில்.
உதாரணத்துக்குக் குளிர்நாட்டு நோயாளிகள்,
எலிகள், மின்குமிழ்கள்.
ஆனால் இரண்டாம் அதிகாரமே அவர்களைப் பற்றித்தான்.
சென்சர் என்கிறது. எனக்கு அந்தச் சொல்
பேப்பரில் வெள்ளையாய் விட்ட பத்தியாகத்தான் பழக்கம்.
இங்கே வேறு:
கண்ட நாள்வரை கண்டது உண்மை.
அதற்கு அங்காலே ஒன்றும் சொல்லாதே.
செத்ததாக எழுதாதே, அழிக்கவும் செய்யாதே.
212 என்று எழுதி
பக்கத்தில் ஒரு கூட்டற்குறி போடு.
அவ்விடத்தில் கோடு இறங்காது.
சின்னதாய் ஒரு கீறு விழும்,
பிறகும் நேரே போகும்.

நாகபூரணியக்கா நினைவுக்கு வந்தார்.
கிளினிக் நாளில் இரத்தம் கொடுத்துவிட்டு
கண்டி வீதிக் கொட்டகைக்குப் போய், படத்தோடு இருப்பவர்.
குடும்ப விபரப் படிவத்தில் மகனின் பெயருக்கு நேரே
உயிருடன், காலமானார் என்று இரண்டு பெட்டி.
பேனையை மூடி என் பக்கம் தள்ளினார்:
"இதுக்கு நடுவிலை ஒண்டு இல்லையோ பிள்ளை?"
அப்போது என்னிடம் பதில் இருக்கவில்லை.
இப்போதும் இதைப் பதில் என்று சொல்லமாட்டேன்.
இது நோயாளிகளின் கணக்கு.

அதற்காக இந்தப் புத்தகத்தை எடுக்கவுமில்லை.
அறுபத்தோராம் பக்கம், அடிக்குறிப்பு:
விலகியவர் விலகிய காரணம்
நோயோடு தொடர்பற்றதாக இருக்க வேண்டும்;
இருக்கிறதா என்பதைத் தரவைக் கேட்டு அறிய முடியாது.
பக்கத்தில் பென்சில்:
அப்ப ஆரைக் கேக்கிறது?

ஒட்டுசுட்டான் பஸ் கொண்டக்டரைக் கேட்கலாம்.
அரிவு வெட்டு மாதத்தைக் கேட்கலாம்.
காசில்லாமல் நின்றவர் இருக்கிறார்,
ஏலாமல் நின்றவர் இருக்கிறார்,
இரண்டாமவரை அந்தச் சின்னக் குறி
நலமுள்ளவர்போலக் காட்டிவிடும்.
தன் பொய் எந்த இடத்தில் என்று
தானே சொல்லும் புத்தகம்
எனக்குக் காணும்.

பஸார் வீதியில் பிரிண்ட் எடுக்கக் கொடுத்தேன்.
முன்னூற்றெழுபது பக்கம், நீல மட்டை, சுருள்கம்பி.
"வெளிச்சத்தைக் கூட்டினா பென்சில் விழாது மிஸ்,
கூட்டவோ?"
"வேண்டாம். கிடக்கட்டும்."

திங்கட்கிழமை
முத்துவிநாயகத்தின் நம்பரை
இன்னொருக்கா அடித்துப் பார்க்க வேண்டும்.