பல கை

பாயான் லெப்பாஸ், மூன்றாம் கட்டம்.
மின்பலகை செய்யும் தொழிற்சாலை.
என் மேசை சர்வர் அறைக்கு வெளியே, ஏர்கானுக்கு நேர் கீழே.
எந்த மாதமும் எனக்கு ஒரே ஸ்வெட்டர்.

திங்கள் காலை எட்டேகாலுக்கு பே சூன் கியாட் வந்தான்,
கோப்பி-ஓ பை விரலில் தொங்க.
வரைபடம் திறக்கிறதாம், சேமிக்க முடியவில்லையாம்.
படிக்க மட்டுந்தான் அனுமதி என்கிறதாம்.

வெள்ளி இரவு, பழைய பெட்டியிலிருந்து புதியதற்கு
எல்லாவற்றையும் மாற்றியவள் நான்.
'பலகை' என்று நானே பெயரிட்ட கோப்புறை,
பத்தாண்டு வரைபடங்கள்.
வரைபட அறைக் கணினிகள் மட்டும்
படிக்கலாம், எழுதலாம் என்று
எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் ஒரே ஒரு வரி.
கடைசிப் பேருந்து பத்து நாற்பதுக்கு.
அனுமதியை 777 ஆக்கிவிட்டு ஓடினேன்,
பிறகு திருத்தலாம் என்று.
பிறகு என்ற ஊருக்குப் பேருந்து கிடையாது.

உள்ளே போய்ப் பார்த்தேன்.
லேயர் நான்கு, லேயர் ஆறு, சோல்டர் மாஸ்க்,
நடுவே ஒரு குழந்தை.
மஞ்சள் குல்லாய். இரண்டே பல்.
பக்கத்தில் வாலிபால் அணியின் பட்டியல்,
சனிக்கிழமை நாலு நம்பர் கணிப்பு, மூன்று விதமாக,
சுங்கை டுவா காவடிக் குழுவின் ஒத்திகை நேரம்,
காட்மாண்டுக்கு ஒருவழி டிக்கெட்,
வங்காளத்தில் ஒரு கடிதம். எழுத்து புரியவில்லை,
தொகை மட்டும் ரிங்கிட்டில் இருந்தது.

அத்தனைக்கும் உரிமையாளர் ஒருவரே:
யாருமில்லை. எண் 65534.

கேண்டீன் மூலையில் ஒரு கணினி உண்டு,
சம்பளச் சீட்டு பார்க்க.
கம்பியில் எது பகிரப்பட்டாலும்
தானே எடுத்து மாட்டிக்கொள்ளும் பழக்கம் அதற்கு.
அதன் முன் உட்காருகிற எவரும் ரூட், அங்கே ராஜா.
இங்கு வந்து சேரும்போது என் சர்வர்
கிரீடத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு
யாருமில்லை என்று பதிவேட்டில் எழுதிக்கொள்ளும்.
நான் வைத்த காவல்தான்.
அது ஒன்றாவது ஒழுங்காக வேலை செய்திருக்கிறது.

வரியை நான்கு முறை படித்தேன். எழுத்துப்பிழை இல்லை.
ஐந்தாம் முறை எழுத்தை விட்டுவிட்டு
எழுத்துக்கு நடுவில் இருந்ததைப் படித்தேன்.

முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் இடையே
ஓர் இடைவெளி.
கட்டைவிரல் சோம்பலாகப் பட்ட அளவு.
ஒட்டியிருந்தால், இவர்கள் எழுதலாம்.
விட்டிருந்தால், இவர்கள் படிக்கலாம்;
பெயர் சொல்லாத மற்ற எல்லோரும் எழுதலாம்.

அழைத்தவர் வாசலில் நின்று எட்டிப்பார்க்க
அழைக்காதவர் பந்தியில்,
இரண்டரை நாள்.

ஐந்தாம் படிவத் தமிழ்த் தாளில்
சிலேடைக் கேள்விக்கு இரண்டு மதிப்பெண் விட்டவள்.
பலகை.
பல கை.
இப்போது புரிகிறது, சம்பளத்தோடு.

பேக்ஸ்பேஸ், ஒரே தட்டு. வரி மூடிக்கொண்டது.
777-ஐ இறக்கினேன், பகிர்வை மறுபடி அறிவித்தேன்.
சூன் கியாட் சேமித்துவிட்டுக் கட்டைவிரலைக் காட்டினான்.
அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

யாருமில்லையின் பதினேழு கோப்புகள் மிச்சம்.
அழிக்க இரண்டெழுத்துக் கட்டளை போதும்.

மத்தியானம் கேண்டீனில்
காவலர் கர்ண பகதூர் கணினி முன் நின்று
ஒரே விசையைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார்.
பிடி பழசாகிவிட்டது என்றது திரை.
கோப்பு போன பின்னும் விடாத பிடிக்கு
யூனிக்ஸ் வைத்த பெயர் அது.
மலாயில் சொன்னார்: மகள் படம்.
போனில் கண்ணாடி உடைந்துவிட்டது.
இங்கேதான் முகம் முழுசாகத் தெரியும்.

மேலே வந்து அறிக்கை எழுதினேன்.
'காரணம்' என்ற கட்டத்தில்
இடைவெளி விசையை ஒருமுறை தட்டி அனுப்பினேன்.
காலியாக விடக்கூடாது என்று திருப்பியது.

எக்ஸ்போர்ட்ஸில் இரண்டாவது வரி சேர்த்தேன்.
கேண்டீன் கணினி ஒன்றுக்கு மட்டும்,
ஐந்து ஜிகாபைட்,
அடைப்புக்குறியை நகக்கண் நுழையாமல் ஒட்டி.
கோப்புறையின் பெயர் 'கை'.
முதலில் மஞ்சள் குல்லாயை நகர்த்தினேன்.

மேலாளரிடம் இன்னும் சொல்லவில்லை.
பிறகு.