கடைசிக் கரண்டி

நவம்பரில் யாரும் வருவதில்லை என்று
வெள்ளை உடுப்புகளை மடித்து வைத்துவிட்டேன்.
நான்கு பேர் வந்து நிற்கிறார்கள்.

டுரினிலிருந்து இரண்டு சகோதரிகள். ஒரே வாசனைத் திரவியம்.
பூவென்று நினைத்து வந்தால் பரவாயில்லை,
பகையென்று நினைத்து வந்தால்?
குழாயடியில் கழுத்தைத் தேய்த்துக் கழுவினார்கள், சிரித்தபடி.
கெண்ட் நகரத்து லீவனுக்கு
எங்களிடம் உள்ள பெரிய உடுப்பும் கணுக்காலை எட்டவில்லை.
பாக்கிசியோவின் கம்பளிக் காலுறைகளைக் கொடுத்தேன்.

புகை தயார்.
பாக்கிசியோ சார்டினியப் பேச்சில் சொல்வான்,
நான் இத்தாலியனில்,
மூத்த சகோதரி ஆங்கிலத்தில்,
லீவன் தன் மனைவிக்கு அவர்கள் மொழியில்.
வாக்கியம் நான்காவது வாய்க்குப் போய்ச் சேருமுன்
சட்டம் வெளியே வந்துவிடும்.

அதை ஹில்ட கையில் வாங்கினாள்.
"நடுங்குகிறது" என்றாள்.
"நடுங்குவது உங்கள் கை" என்றேன்.
குனிந்து பார்த்தேன்.
இரண்டும்தான்.

"கையை மட்டும் வீசக்கூடாது" என்று
பாக்கிசியோ சொல்லிக்கொண்டிருக்கும்போதே
வலைக்குள் புகுந்த ஒன்று இமையில் கொட்டியது.
வீசினான், இரண்டு கையையும்.
ஒரு சொல் சொன்னான்.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
நான்கு பேருக்கும் புரிந்தது.

கிடங்கில் மேசை. பதினாறு கரண்டி.
முதலில் ரோஸ்மேரி. பிறகு முட்செடித் தேன்.
ஒவ்வொன்றுக்கும் ஹில்ட ஒற்றைச் சொல்லில் கேட்கிறாள்:
"வந்ததா?"
லீவன் தலையாட்டுகிறார், இல்லையென்று.
காய்ச்சலில் போன ருசி. இருபது மாதம்.
யூகலிப்டஸுக்கும் இல்லை.
"பிசுபிசுப்பு தெரிகிறது" என்றார்,
எங்களை வருத்தக்கூடாது என்பதுபோல.

நான்காவது ஜாடியைப் பயணிகளுக்கு எடுப்பதற்கு முன்
தரையில் ஒரு வாளி வைப்பேன்.
கோர்பெட்சோலோ: மலையில் மற்றதெல்லாம் கடைசாத்திய பிறகு
பூக்கிற மரம்.
போன வருடத்துப் பூ இப்போது பழமாகத் தொங்கும், இந்த வருடத்துப் பூவின் பக்கத்திலேயே.
தேனென்று பெயர். வேம்புக்குத் தங்கை.

இளையவள் வாளிக்கு ஓடினாள்.
மூத்தவள் கண்ணை மூடி விழுங்கினாள்.
லீவன் கரண்டியை வாயிலிருந்து எடுக்கவில்லை.
ஹில்ட இந்த முறை கேட்கவில்லை.

"ஏதோ இருக்கிறது."
உதட்டைத் துடைத்துக்கொண்டே மூத்தவள் எனக்குச் சொன்னாள்:
"நாக்கின் பின்பக்கம். பழைய இரும்புக் கதவு மாதிரி என்கிறார்.
கெட்டுப்போன தேனா என்று கேட்கிறார்."
"இல்லை, அதுதான் அது" என்றேன்.
நின்றபடியே இன்னொரு தடவை. இன்னொரு தடவை.
தேனெடுத்தவன் புறங்கையை நக்குவான் என்பார்கள்;
இவர் புறங்கையில் வழிந்ததையும் விடவில்லை.
ஹில்ட அவர் முதுகுக்குப் பின்னால் சுவைத்து
முகம் கோணினாள். துப்பவில்லை.

இரவு கரண்டி கழுவினேன். பதினைந்து.
வாளியைக் கவிழ்த்துப் பார்த்தேன். மேசைக்கடியில் பார்த்தேன்.
"மறந்து பையில் போட்டிருப்பார்" என்கிறான் பாக்கிசியோ,
ஒரு கண் முழுக்க மூடிவிட்டது.
இருக்கட்டும்.

கொடியில் காலுறையும் இல்லை.